மூன்றாவது இழுப்பறை

கர்க்கானிஸ் சாரின் மேசையில்
மூன்றாவது இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது.
குல்சுமின் நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில்,
தாமோதரனின் முட்டிக்குக் களிம்பு,
சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும் பெர்சிஸுக்கு
ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட்,
என் ஒற்றைத் தலைவலிக்கு
வெள்ளித் தாளில் பொதிந்த பத்து மாத்திரை.
கேட்கவே வேண்டாம்.
நெற்றியில் விரல் வைத்தால் போதும்,
இழுப்பறை இழுபடும் சத்தம் கேட்கும்.

பல்லார்ட் எஸ்டேட்டில் பழைய கல் கட்டடம்,
இரண்டாம் மாடி.
நவா ஷேவாவில் கப்பலேறும் பெட்டிகளுக்குச்
சரக்குச் சீட்டு எழுதுகிறவர்கள் நாங்கள்.
பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.
உள்ளே என்ன இருப்பதாகச் சொல்கிறார்களோ
அதை எழுதுவோம்.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம்,
தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி
ரயில் நின்றுபோன ஒரு ஜூலை இரவு.
தன் டீயில் பாதியை என் கிளாசில் ஊற்றி
"தலெவலி" என்றார்.
அந்த ஒரு சொல்லை எனக்காகக் கற்றிருந்தார்.
"எப்போதிலிருந்து?"

ஆன்டாப் ஹில்லில் என் வீட்டில்
யாரும் கேட்டதில்லை அதை.
சொன்னேன்.
தலைவலியை மட்டுமா?
தங்காமல் போன இரண்டு கருவை,
அதற்குப் பிறகு எண்கள் கண்முன் நழுவிய
ஆறு வாரத்தை,
பழைய கம்பெனியில் நான் விட்டுவிட்ட
ஒரு பூஜ்யத்தை.
அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.
தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்
கைராசிக்கார டாக்டர் மாதிரி.

சிங்கப்பூர் கணக்கு எனக்குத்தான் என்று
லிஃப்ட்காரருக்குக்கூடத் தெரியும்.
கூட்டத்தில் முதலாளி என் பெயரை எடுத்தார்.
கர்க்கானிஸ் சார் குரலைத் தாழ்த்தினார்.
அவர் குரல் தாழ்ந்தால்
அறையே முன்னால் சாயும்.
"கோமளவல்லி நம் பொக்கிஷம்.
அதனால்தான் சொல்கிறேன்,
இப்போது பாரம் ஏற்ற வேண்டாம்.
பூஜ்யங்கள் எங்கே ஓடிவிடும்,
உடம்பு முக்கியமில்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்
பரிவோடு.
குல்சும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
நான் நன்றி சொன்னேன்.
ஆமாம், நன்றிதான் சொன்னேன்.
வேறெந்தச் சொல்லுக்கும்
அந்த அறையில் நாற்காலி போட்டிருக்கவில்லை.

புகார்ப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
என்ன செய்தார்?
ஏசியிருந்தால் எழுதலாம்.
கை பட்டிருந்தால் எழுதலாம்.
மாத்திரை கொடுத்தார் என்று எழுதி
அடித்தேன்.
படிவத்தைக் கிழித்ததும் வலி வந்தது.
அவரிடம்தான் போனேன்.

தாமோதரன் முட்டிக்காக விருப்ப ஓய்வில் போனார்.
விருப்பம் யாருடையது என்று
அவருக்கே நிச்சயமில்லை.
பெர்சிஸ் போன அன்று கேக் வெட்டினோம்.
சர்க்கரை போடாத கேக்,
சார் நினைவாகச் சொல்லி வாங்கியது.

போன தீபாவளிக்குப் பிறகு
அவர் குருகிராமுக்கு உயர்ந்து போய்விட்டார்.
'தற்காலிகம்' என்ற ஒட்டுச்சீட்டோடு
மேசை எனக்கு வந்தது.
மூன்றாவது இழுப்பறை காலி.
துடைத்த துணியில் மட்டும்
களிம்பு வாசனை.

சாயலி புதியவள். இருபத்துமூன்று வயது.
விராரிலிருந்து நின்றுகொண்டே வருகிறாள்,
வந்ததும் என்னைவிட வேகமாக முடிக்கிறாள்.
முதலாளி அவள் பெயரைச்
சரியாக உச்சரிக்கப் பழகிவிட்டார்.

நேற்று கழிப்பறையிலிருந்து
கண் சிவந்து வந்தாள்.
நான் எதையும் யோசிக்கவில்லை, சத்தியமாக.
நாற்காலியை அவள் பக்கம் இழுத்தேன்.
பாதி டீயை ஊற்றினேன்.
குரல் தாழ்வதைக் கேட்டு
யாரென்று திரும்பப் பார்த்தேன்.
என்னுடையது.
"எப்போதிலிருந்து?"

அவள் சொல்லத் தொடங்கினாள்.
கீழே ஏதோ லாரி பின்வாங்கும் பீப் பீப்.
அவள் சொன்னதில் பாதி காதில் விழவில்லை.
விழுந்த பாதியை
மறக்கப் பார்க்கிறேன்
நேற்றிலிருந்து.